ஹகீம் அஜ்மல் கான்: மருந்தக வருமானத்தில் எழுந்த மருத்துவக் கல்லூரி

நமது ஜமாஅத்துகளில் இலவச மருத்துவ முகாம்கள் இப்போது அதிகமாக நடக்கின்றன. மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். நாம் பணியாற்றும் மஹல்லாவிலும் ஒரு முகாம் நடந்தது. இரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், பத்து நாட்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பதினோராவது நாள் வயதான தாயார் ஒருவர் பள்ளிவாசல் வாசலுக்கு வந்து, தீர்ந்துபோன மாத்திரை அட்டையைக் காட்டி, இனி எங்கே வாங்குவது என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. சற்றுத் தொலைவிலேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே மாதந்தோறும் அந்த மாத்திரையை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால், முகாம் நடத்திய நம்மில் ஒருவர்கூட அங்குள்ள மருத்துவரிடம் போய்ப் பேசியிருக்கவில்லை. அந்தத் தாயாரின் பெயர் அங்கே பதிவாகவும் இல்லை.

அன்று மனதில் தைத்த முள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பொதுச் சுகாதாரத்தில் அரசும் தனியாரும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். அரசு–தனியார் கூட்டாண்மை என்று அதற்குப் பெயரும் இருக்கிறது. இந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, டெல்லியில் ஒரு யூனானி மருத்துவர் அதைச் செய்து காட்டினார். அரசிடம் எதற்காகப் போக வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் விலகி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அவரது வாழ்க்கையிலிருந்து நாம் படித்துக்கொள்ளலாம். அவர்தான் ஹகீம் அஜ்மல் கான்.

மருத்துவம் பரம்பரைச் சொத்தான வீடு

1868-ஆம் ஆண்டு டெல்லியில் பிறந்தார் அஜ்மல் கான். அவரது முன்னோர்கள் முகலாயர் காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர்கள். தலைமுறை தலைமுறையாக அரசவை மருத்துவர்களாக இருந்தவர்கள். பூட்டனார் ஹகீம் ஷரீஃப் கான், முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலமின் மருத்துவர். பழைய டெல்லியின் பல்லிமாரான் பகுதியில் அவர் பெயரால் அமைந்த ஷரீஃப் மன்ஸில், வீடாகவும் மருத்துவமனையாகவும் பாடசாலையாகவும் விளங்கியது. ஏழைகளுக்கு அங்கே சிகிச்சை இலவசம்.

1857-இல் டெல்லி ஆங்கிலேயர் கையில் மீண்டும் விழுந்தபோது முஸ்லிம்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. அஜ்மல் கானின் தந்தை ஹகீம் மஹ்மூத் கானுக்குப் பட்டியாலா மகாராஜாவோடு மருத்துவத் தொடர்பு இருந்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்ற அந்த மகாராஜாவின் சிப்பாய்கள் ஷரீஃப் மன்ஸில் இருந்த தெருவுக்குக் காவல் நின்றார்கள். அதனால் அந்த வீடு தப்பியது. அடைக்கலம் தேடி வந்தவர்களும் தப்பினார்கள். மருத்துவனின் வாசல் எல்லோருக்கும் பொது என்பதையும், ஆட்சியாளர்களோடு உள்ள தொடர்பு சில நேரங்களில் உயிர்களைக் காக்கும் என்பதையும் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்திருப்பார்கள்.

அஜ்மல் கான் சிறுவயதில் குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆனார். அரபி, பாரசீகம், தர்க்கம், மார்க்கக் கல்வி ஆகியவற்றைக் கற்றார். மருத்துவத்தைத் தந்தையிடமும் மூத்த சகோதரர்களிடமும் பயின்றார். மூத்த அண்ணன் ஹகீம் அப்துல் மஜீத் கான் 1880-களில் டெல்லியில் மத்ரஸா திப்பிய்யா என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவரை தந்தையிடமிருந்து மகனுக்கு வீட்டுக்குள் கைமாறி வந்த யூனானி, பாடத்திட்டமும் தேர்வும் உள்ள கல்வியாக மாறத் தொடங்கியது அங்கேதான்.

1892-இல் ராம்பூர் நவாபின் தலைமை மருத்துவராக அஜ்மல் கான் பொறுப்பேற்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். அரிய அரபி, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த ராம்பூர் நூலகம் அவருக்கு இன்னொரு மத்ரஸாவாக அமைந்தது. மன்னர்களோடும் நவாபுகளோடும் அங்கே ஏற்பட்ட பழக்கம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பெட்டியில் பணம் வேண்டும்

அண்ணன்மார் ஒருவர் பின் ஒருவராக வஃபாத்தாகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பத்தின் பொறுப்பும் மத்ரஸா திப்பிய்யாவின் பொறுப்பும் அஜ்மல் கானின் தோளில் விழுந்தன. அது பிளேக் நாட்டையே உலுக்கிய காலம். காலராவும் அம்மையும் அடிக்கடி வந்து போயின. ஆங்கில மருத்துவமனைகள் நகரங்களில் மட்டுமே இருந்தன, அவையும் மிகக் குறைவு. பெரும்பாலான மக்களுக்குக் கைக்கெட்டிய மருத்துவர்கள் ஹகீம்களும் வைத்தியர்களும்தான்.

அந்த ஹகீம்களின் நிலையோ கவலைக்குரியதாக இருந்தது. முறையாகப் படித்தவர் சிலர். பெயருக்கு ஹகீமாகத் திரிந்தவர் பலர். கடைகளில் விற்ற மூலிகைகளில் கலப்படம் இருந்தது. எழுதிக் கொடுத்த மருந்து சரியாக இருந்தாலும், கடையில் கிடைக்கும் சரக்கு சரியாக இல்லையென்றால் நோயாளிக்கு என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மருந்து தயாரிப்பு நிலையம் உருவானது. யூனானி மருந்துகளும் ஆயுர்வேத மருந்துகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே தரத்தில் தயாராயின. பிற்காலத்தில் ஹிந்துஸ்தானி தவாகானா என்ற பெயரால் அது நாடெங்கும் அறியப்பட்டது.

அதன் வருமானம் ஹகீம் ஸாஹிபின் வீட்டுக்குப் போகவில்லை. மருத்துவக் கல்விக்குப் போனது. மருந்து விற்ற காசில் மாணவர்கள் படித்தார்கள். அவர்கள் படித்து மருத்துவரானதும் அதே மருந்தகத்தின் தரமான மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றை ஒன்று தாங்கி நின்ற ஏற்பாடு அது. ஹகீம் ஸாஹிப் சமஸ்தானங்களுக்குச் சென்று மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்தால் பெருந்தொகை வாங்குவார். ஷரீஃப் மன்ஸிலில் காலையில் வரிசையில் நின்ற ஏழைகளிடம் எதுவும் வாங்க மாட்டார். கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்குச் செலவிடுவதே அவரது வழக்கம்.

நன்கொடையை மட்டும் நம்பிய காரியம், கொடுப்பவரின் மனம் மாறினால் நின்றுவிடும். தனக்கென்று நிலையான வருமானம் உள்ள நிறுவனமே எவரோடும் சமமாக உட்கார்ந்து பேச முடியும். நம் முன்னோர் மருத்துவமனைகளுக்குக் கடைகளையும் தோட்டங்களையும் வக்ஃப் செய்து வைத்ததன் சூட்சுமமும் இதுதான்.

பிரசவ அறையில் தொடங்கிய பணி

1909-இல் ஹகீம் ஸாஹிப் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவச்சிகளுக்கு, அதாவது அங்கே தாயி என்று அழைக்கப்பட்ட பெண்களுக்கு, முறையான பயிற்சி கொடுப்பது அதன் முக்கிய நோக்கம்.

அன்றைய டெல்லியில் கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போக மாட்டார்கள். பிரசவம் முழுக்க முழுக்கத் தாயிகளின் கையில் இருந்தது. அவர்களுக்கு அனுபவம் உண்டு. ஆனால் கையைச் சுத்தமாகக் கழுவுவது, தொப்புள்கொடியைச் சுத்தமான கருவியால் அறுப்பது, எந்தக் கட்டத்தில் தன்னால் முடியாது என்று உணர்ந்து மருத்துவரை அழைப்பது ஆகியவற்றை அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்தார்கள். பிறந்த சில நாட்களில் ஜன்னி கண்டு குழந்தைகள் இறந்தன.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பர்தாவைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது. அரசு அதிகாரிகளில் பலர் அதைத்தான் செய்தார்கள். இன்னொன்று, நம் வழக்கம் இதுதான் என்று சொல்லி மரணங்களை விதியின் கணக்கில் எழுதிவிடுவது. நம்மவர்களில் பலர் அதைச் செய்தார்கள். ஹகீம் ஸாஹிப் மூன்றாவது வழியைத் தேடினார். பெண்கள் பெண்களிடம்தான் போவார்கள் என்றால், அந்தப் பெண்ணுக்குக் கல்வி கொடுப்போம் என்றார். செல்வந்தர்களின் நன்கொடையையும் அதிகாரிகளின் ஆதரவையும் சேர்த்து அந்தப் பள்ளியை நடத்தினார். பிற்காலத்துத் திப்பிய்யாக் கல்லூரியிலும் பெண்கள் பிரிவு இடம்பெற்றது.

மக்களின் நம்பிக்கை சமுதாயத்தின் கையில் இருக்கிறது; அதிகாரமும் விரிந்த கட்டமைப்பும் அரசின் கையில் இருக்கின்றன. ஒரு தாயின் உயிரைக் காக்க இரண்டும் வேண்டும்.

எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்ப்பு

அரசோடு சேர்ந்து பணியாற்றுவது என்றால் அரசு சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது என்று ஹகீம் ஸாஹிப் நினைக்கவில்லை. 1910 வாக்கில் பம்பாய் மாகாண அரசு மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டத்தைக் கொண்டுவர முனைந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்தவர்களுக்கு மட்டுமே அதில் அங்கீகாரம். ஹகீம்களும் வைத்தியர்களும் சட்டத்தின் பார்வையில் மருத்துவர்களே இல்லை என்று ஆகிவிடும் அபாயம் தெரிந்தது.

அந்த 1910-இலேயே அகில இந்திய வைதிக் – யூனானி திப்பி மாநாட்டை அவர் உருவாக்கினார். முஸ்லிம் ஹகீம்களும் இந்து வைத்தியர்களும் ஒரே மேடையில் அமர்ந்தார்கள். அரசிடம் எதிர்ப்பைச் சொன்ன அதே மேடையில், தம் மருத்துவர்களிடமும் கண்டிப்பாகப் பேசினார்கள்: கல்வியைச் சீராக்க வேண்டும், போலிகளைக் களைய வேண்டும், உடற்கூறு போன்ற புதிய துறைகளைக் கற்க வேண்டும். உரிமை கேட்பவன் முதலில் தன் வீட்டைப் பெருக்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1911-இல் ஐரோப்பா சென்றார். லண்டன், பாரிஸ், பெர்லின் நகரங்களில் மருத்துவமனைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் நேரில் பார்த்தார். லண்டனில் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரியின் நட்பு கிடைத்தது. அந்த நட்பு இறுதிவரை நீடித்தது. அன்ஸாரி பணியாற்றிய சேரிங் கிராஸ் மருத்துவமனை உட்பட, அன்றைய லண்டனின் பெரிய மருத்துவமனைகள் பல பொதுமக்களின் நன்கொடையில் நடந்தவை. உலகையே ஆண்ட நாட்டின் தலைநகரிலும் நோயாளிகளை மக்கள் பணம் காத்துக்கொண்டிருந்தது. தம் நாட்டிலும் அப்படி ஒரு மருத்துவமனையோடு கூடிய கல்லூரியைக் கட்ட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்தப் பயணம் வலுச் சேர்த்தது.

ஒரே கட்டடம், இரண்டு விருந்தினர்

1911-இல் அஞ்சுமனே திப்பிய்யா என்ற சங்கம் டெல்லியில் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. சில ஆண்டுகளில் அது கல்லூரியின் அறங்காவலர் குழுவாகப் பெயர் மாறியது. மன்னர்களும் நவாபுகளும் நன்கொடை தந்தார்கள், சாமானியர்களும் தந்தார்கள். தவாகானாவின் வருமானம் இருந்தது. டெல்லியின் கரோல் பாக் பகுதியில் 1916 மார்ச் 29 அன்று ஆயுர்வேத – யூனானி திப்பிய்யாக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டியவர் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு.

அப்போது ஹகீம் ஸாஹிப் அரசின் மதிப்புக்குரியவர். ஹாஸிகுல் முல்க் என்ற பட்டத்தையும், கைஸரே ஹிந்த் பதக்கத்தையும் அரசு அவருக்கு அளித்திருந்தது. ஆனால் காலம் வேகமாக மாறியது. 1919-இல் ரௌலட் சட்டம் வந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. உலகப் போருக்குப் பின் துருக்கியின் கிலாஃபத்துக்கு நேர்ந்த கதி முஸ்லிம்களின் உள்ளத்தைப் புண்ணாக்கியது. 1920-இல் ஹகீம் ஸாஹிப் அரசு தந்த பட்டத்தையும் பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசு தந்த பட்டம் போனதும், மக்கள் அவரை மஸீஹுல் முல்க் என்று அழைத்தார்கள். நாட்டின் நோய் தீர்ப்பவர் என்பது அதன் கருத்து.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். வைஸ்ராய் அடிக்கல் நாட்டிய கல்லூரி பாதியில் நிற்கிறது. அதன் நிறுவனரோ இப்போது அரசுக்கு எதிரணியில் இருக்கிறார். அரசின் தயவில் மட்டும் வாழ்ந்த நிறுவனமாக இருந்திருந்தால், ஒன்று அவர் பதக்கத்தை வைத்துக்கொண்டு வாய்மூடியிருக்க வேண்டும். அல்லது கல்லூரியை மூடியிருக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்யவில்லை. கல்லூரிக்கென்று தனி வருமானம் இருந்தது, பதிவு பெற்ற குழு இருந்தது, எல்லாச் சமயத்து நன்கொடையாளர்களும் இருந்தார்கள். வேலை நிற்கவில்லை. 1921 பிப்ரவரி 13 அன்று கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள்.

வைஸ்ராய் நாட்டிய அடிக்கல்லின் மேல் எழுந்த கட்டடத்தை, அந்த வைஸ்ராயின் ஆட்சியை எதிர்த்து நாட்டைத் திரட்டிய தலைவர் திறந்து வைத்தார். வாசல் வழியே உள்ளே போன நோயாளிகளுக்கு இந்த இரண்டு பெயர்களாலும் எந்த வேறுபாடும் இல்லை. அரசியலில் நிறம் மாறலாம். மருத்துவமனையின் கதவு திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவு திறந்திருப்பதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்ததுதான் ஹகீம் ஸாஹிபின் தீர்க்கதரிசனம்.

அதே 1921-இன் இறுதியில் அஹ்மதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். தலைவராகத் தேர்வான சி.ஆர்.தாஸ் சிறையில் இருந்ததால் அந்தப் பொறுப்பு இவருக்கு வந்தது. 1920-இல் அலிகரில் பிறந்த ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் முதல் வேந்தரும் அவரே. அந்தக் கல்வி நிறுவனம் பணமின்றித் தள்ளாடியபோது 1925-இல் டெல்லி கரோல் பாக்குக்கு அதை மாற்றி, செலவின் பெரும்பகுதியைத் தாமே சுமந்தார்.

மறைந்தும் தொடர்ந்த பணி

மூலிகைகள் நோயைத் தீர்க்கின்றன என்றால், அவற்றில் உள்ள எந்தப் பொருள் தீர்க்கிறது என்று அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்பது ஹகீம் ஸாஹிபின் நீண்ட நாள் ஆசை. ஜெர்மனியில் வேதியியல் படித்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ என்ற இளைஞரை அதற்காகத் திப்பிய்யாக் கல்லூரிக்கு அழைத்தார். ஆனால் ஆய்வின் பலனைப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. 1927 டிசம்பர் 29 அன்று ராம்பூரில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். டெல்லியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஸித்தீக்கீ ஆய்வைத் தொடர்ந்தார். ஹகீம்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தா வேரிலிருந்து 1931-இல் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, தம் ஆதரவாளரின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் சீர்கேட்டுக்கு அது மருந்தானது. ப்ருகாடா என்ற இதயக் கோளாறைக் கண்டறியும் சோதனையில் இன்றும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆனாலும் நன்மை போய்க்கொண்டே இருக்கிறது. ஸதகத்துல் ஜாரியா என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கல்லூரியின் பிற்கால வரலாற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹகீம் ஸாஹிப் மறைந்த பின் நிர்வாகத்தில் பிணக்குகள் எழுந்தன. வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. கடைசியில் 1952-இல் டெல்லி சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பழைய அறங்காவலர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவிடம் கல்லூரியை ஒப்படைத்தது. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இன்று அது டெல்லி அரசின் கல்லூரி. மாணவர்கள் படிக்கிறார்கள், நோயாளிகள் வருகிறார்கள், அல்ஹம்து லில்லாஹ். என்றாலும், ஒரு மாமனிதரின் ஆளுமையில் நின்ற நிர்வாகம் அவருக்குப் பின் ஏன் ஆட்டம் கண்டது என்பது நம் அறக்கட்டளைகள் ஒவ்வொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சென்னையில் ஓர் எதிரொலி

ஹகீம் ஸாஹிப் வாழ்ந்த அதே காலத்தில் நம் சென்னை மாகாணத்திலும் இதே விவாதம் நடந்தது. நாட்டு மருத்துவ முறைகளுக்கு அரசு கைகொடுக்க வேண்டுமா என்று ஆராய 1921-இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் முஹம்மது உஸ்மான். பின்னாளில் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். 1923-இல் உஸ்மான் குழு அறிக்கை தந்தது. 1925-இல் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் தொடங்கியது. டெல்லியில் தனியார் ஒருவர் தொடங்கிய பணி கடைசியில் அரசிடம் போனது; சென்னையில் அரசே முன்வந்து தொடங்கியது. பாதைகள் வேறாக இருந்தாலும், படித்த மருத்துவரும் தரமான மருந்தும் ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்ற இலக்கு ஒன்றுதான்.

அந்தத் தாயாருக்கான பதில்

மாத்திரை அட்டையோடு வந்த தாயாரிடம் திரும்புவோம். அன்று நம்மிடம் முகாம் நடத்தப் பணம் இருந்தது; நல்ல உள்ளங்கள் இருந்தன. இல்லாமல் போனது தொடர்ச்சி. ஹகீம் ஸாஹிபின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், நாம் விட்டது எங்கே என்று தெரிகிறது.

அரசின் சுகாதார நிலையத்தை அந்நியமாக நினைக்கக் கூடாது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. அங்குள்ள மருத்துவரையும் செவிலியரையும் முகாமுக்கு அழைத்து, கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் அங்கே பதிவு செய்து, யார் மருந்து வாங்கவில்லை என்று மாதம் ஒருமுறை கேட்டு வர மஹல்லாவில் நான்கு பேர் போதும். பெண்களிடம் பேச நம் வீட்டுப் பெண்களுக்கே பயிற்சி கொடுக்கலாம். தடுப்பூசி பற்றிய சந்தேகத்துக்கு, வதந்தி பரவும் முன்பே, மருத்துவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் பதில் சொல்ல வைக்கலாம். பைத்துல்மாலில் மருத்துவத்துக்கென்று நிலையான ஒரு வருமானத்தை, ஒரு கடை வாடகையாக இருந்தாலும் சரி, ஒதுக்கி வைக்கலாம். கணக்கும் நிர்வாகமும் ஒருவர் கையில் இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். வருகிறவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்காமல் கதவு திறந்திருக்கட்டும். அரசு தவறு செய்யும் இடத்தில் துணிந்து சொல்வோம். அதற்காகச் சேவையை நிறுத்த மாட்டோம்.

நாம் அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும் முன், ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறி மருத்துவரைச் சந்தித்துவிட்டு வந்தோம். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். கேட்டிருந்தால் முன்பே வந்திருப்பேன் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

ஹகீம் அஜ்மல் கானின் பிழைகளை அல்லாஹ் பொறுத்து, அவரது நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் கைகளாலும் நோயாளிகளின் துயர் துடைக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.